வெளிச்சத்தை நோக்கி நீண்ட கைகள்

அச்சம் என்பது மனிதன் விரும்பி ஏற்பதன்று. ஆயினும் கூத்தும் காவியமும் தோன்றிய நாள் முதலாக, நேரில் கண்டால் நாம் ஓட்டமெடுக்கும் பொருளையே அரங்கில் கண்டு இன்புறும் வழக்கம் நம்மிடம் இருந்து வருகிறது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தபோது, நகைக்கும் உவகைக்கும் இடம் தந்தது போலவே அச்சத்துக்கும் ஓர் இடம் தந்து, அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கின் வாயிலாக அது பிறக்கும் என்று வரையறுத்தார். அழுகையை வேறொரு மெய்ப்பாடாகத் தனியே வைத்தார். தனித்தனியே வகுக்கப்பட்ட அச்சமும் அழுகையும் ஒரே உருவத்தில், ஒரே கணத்தில் கூடி நிற்கவும் கூடும் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய அமெரிக்கப் பேய்ப்படம்.

நான் கல்லூரியில் பயின்ற காலத்தில், ஊரிலிருந்த திரைப்படச் சங்கம் ஒன்று மாதம் ஒரு முறை வாடகை மண்டபத்தில் பழைய படங்களைத் திரையிட்டு வந்தது. பதினாறு மில்லிமீட்டர் கருவி ஒன்று. சுவரில் கட்டிய வெள்ளைத் துணி. ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும் வரையில் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அங்கேதான் 1931ஆம் ஆண்டில் வெளியான ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தை முதன்முதலாகக் கண்டேன். பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு விஞ்ஞானி உண்டாக்கிய அந்த உருவம் அதுகாறும் இருளிலேயே வைக்கப்பட்டிருந்தது. அவன் கூரையிலுள்ள சாளரத்தைத் திறந்ததும், மேலிருந்து விழுந்த வெளிச்சத்தை அது அண்ணாந்து பார்த்தது. பிறகு மெல்ல மெல்லத் தன் இரு கைகளையும் உயர்த்தி அவ்வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ள முயன்றது. சாளரம் மூடப்பட்டதும், தாழ்ந்த அக்கைகள் எதிரில் நின்றவனிடம் எதையோ யாசிப்பவை போல விரிந்தன. சுருள் மாற்றுவதற்காக விளக்கைப் போட்டபோது, அதுவரை என் அருகில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நண்பன் ஒன்றும் பேசாமல் தலை குனிந்திருந்தான். அன்று முதல் அப்படத்தையும், அதன் முன்னோரையும் சந்ததியையும் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அந்தப் பரம்பரையின் சரித்திரத்தை, அதனை உருவாக்கிய கைகளின் சரித்திரமாகவே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அச்சரித்திரம் ஜெர்மனியில் தொடங்குகிறது. முதல் உலக யுத்தத்தில் தோற்று, இலட்சக்கணக்கான இளைஞரைப் பறிகொடுத்து, பசியிலும் பணவீக்கத்திலும் உழன்றுகொண்டிருந்த அந்நாட்டில், 1920 பிப்ரவரி மாதம், ‘டாக்டர் கலிகாரியின் காட்சிக்கூடம்’ என்ற மௌனப்படம் பெர்லின் நகரில் வெளியாயிற்று. ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமான், வால்டர் ரோரிக் என்னும் மூன்று கலைஞர்கள் அதற்கு அரங்கமைத்தார்கள். வீடுகள் சாய்ந்து நிற்கும். சாளரங்கள் கோணலாக இருக்கும். தெருக்கள் கத்தி முனை போலக் கூர்ந்து செல்லும். விளக்கினால் விழ வேண்டிய நிழல்களையும் ஒளியையும் அவர்கள் சீலையிலும் தரையிலும் வண்ணத்தால் தீட்டியே வைத்துவிட்டார்கள். மனம் பேதலித்த ஒருவனுக்கு உலகம் எப்படித் தோன்றுமோ அப்படியே அதனைப் பிரத்தியட்சமாகக் காட்டிய முதற்பெரும் படம் அதுதான். அதே ஆண்டில் பால் வெகெனர் எடுத்த ‘கோலெம்’ படத்தில், பிராக் நகரத்து யூதர்களைக் காப்பதற்காகக் களிமண்ணால் ஆக்கப்பட்ட பூதம், முடிவில் ஒரு சிறுமியைத் தூக்கிக் கையில் ஏந்துகிறது. அவள் அதற்கு ஓர் ஆப்பிளை நீட்டுகிறாள். விளையாட்டாக அதன் மார்பிலிருந்த நட்சத்திரத்தைப் பிடுங்குகிறாள். பூதம் உயிரற்ற மண்ணாக வீழ்கிறது. பூதமும் சிறுமியும் எதிரெதிரே நிற்கும் அக்காட்சியைப் படம் பிடித்தவர் கார்ல் பிராய்ண்ட் என்னும் ஒளிப்பதிவாளர். அவர் பெயரைப் பின்னர் மீண்டும் காண்போம்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1922 மார்ச் 4ஆம் நாள், பெர்லின் மிருகக்காட்சி சாலையைச் சேர்ந்த மண்டபத்தில் ‘நோஸ்பெராட்டு’ திரையிடப்பட்டது. இயக்கியவர் மூர்னௌ; இரத்தக்காட்டேரியாக நடித்தவர் மாக்ஸ் ஷ்ரெக். அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலைத் தழுவி எடுக்கப்பட்ட இப்படத்துக்கு உரிமை பெறப்படவில்லை. கதாபாத்திரங்களின் பெயரையும் ஊரையும் மாற்றியதோடு தயாரிப்பாளர்கள் நின்றுவிட்டார்கள். ஸ்டோக்கரின் விதவையான புளோரன்ஸ் அம்மையார் வழக்குத் தொடுத்தார். அதற்குள் படநிறுவனம் திவாலாகிவிட்டமையால் நஷ்டஈடு பெற வழியில்லாத நிலையில், படத்தின் பிரதிகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும் என்று 1925இல் ஜெர்மானிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின்படி பார்த்தால் அம்மையாரின் பக்கமே நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அயல்நாடுகளுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்த சில பிரதிகள் தீர்ப்பின் கைக்கு எட்டாமல் தப்பின. அவற்றிலிருந்தே இன்று நாம் காணும் படம் மீட்டெடுக்கப்பட்டது. மாடிப்படிச் சுவரில் கூனி ஊர்ந்து ஏறும் அந்த நிழலையும், கதவின் மேல் நீளும் அதன் விரல்களையும் நூறு ஆண்டுகளாக எத்தனையோ இயக்குநர்கள் தம் படங்களில் மீண்டும் வரைந்திருக்கிறார்கள்.

இப்படத்தின் செல்வாக்கு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று போதும். இரத்தக்காட்டேரி சூரிய ஒளி பட்டால் அழிந்துபோகும் என்பதை இன்று குழந்தைகள்கூட அறிவார்கள். அது பன்னெடுங்காலத்து ஐரோப்பிய நம்பிக்கை என்றே எல்லாரும் எண்ணுகிறார்கள். ஸ்டோக்கரின் நாவலிலோ டிராகுலா பட்டப்பகலில் லண்டன் வீதியில் நடமாடுகிறான். பகலில் அவன் சக்தி குறைகிறதேயன்றி உயிர் போவதில்லை. விடியற்காலைக் கதிர் பட்டுக் காட்டேரி கரைந்து மறையும் முடிவு ‘நோஸ்பெராட்டு’வில் பிறந்தது. அழிக்கும்படி ஆணையிடப்பட்ட ஒரு படம், தான் அழியாமல் நின்றதோடு, உலகம் முழுவதும் நம்பும் ஒரு புதுப் புராணத்தையும் சிருஷ்டித்துவிட்டது.

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், அமெரிக்காவில், லான் சேனி என்ற நடிகர் இதே காலத்தில் தனியொருவராக ஒரு மரபை வளர்த்து வந்தார். செவிப்புலனும் பேச்சும் இல்லாத பெற்றோருக்கு 1883இல் பிறந்தவர் அவர். வாய்ச்சொல்லின் துணையின்றி முகத்தாலும் கையாலும் மனத்திலுள்ளதை உணர்த்தும் வித்தையைத் தம் வீட்டிலேயே கற்றார். 1923இல் நாத்ருதாம் கோயிலின் கூனனாகவும், 1925இல் ‘ஆப்பராவின் ஆவி’ படத்தில் முகம் சிதைந்த இசைக்கலைஞனாகவும் அவர் தோன்றியபோது, அந்த ஒப்பனைகளைத் தம் கையாலேயே செய்துகொண்டார். கோர முகத்துக்கு உள்ளே அன்புக்கு ஏங்கும் ஒரு மனம் இருக்கிறது என்று காட்டிய அந்த நடிப்பே பின்வந்தோர் அனைவருக்கும் வழிகாட்டியாயிற்று. பேசும்படம் வேரூன்றிய வேளையில், 1930 ஆகஸ்டு மாதம், அவர் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பியது யூனிவர்ஸல் நிறுவனம். அதனை நிறுவிய கார்ல் லெம்லே, ஜெர்மனியில் லௌப்ஹைம் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, 17 வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, துணிக்கடையில் கணக்கெழுதிப் பிழைத்து, பின்னர் சினிமாத் தொழிலில் இறங்கியவர். 1915இல் கலிபோர்னியாவில் ஒரு படப்பிடிப்பு நகரத்தையே நிறுவினார். அவருடைய மகன் இளைய லெம்லே, இருபத்தொரு வயதிலேயே தயாரிப்புப் பொறுப்பை ஏற்று, தந்தைக்கு அவ்வளவாக விருப்பமில்லாத பேய்ப்படங்களில் துணிந்து முதலிட்டார். ‘டிராகுலா’ 1931 பிப்ரவரியில் நியூயார்க்கில் வெளியாயிற்று. டாட் பிரௌனிங் இயக்கிய அப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், ‘கோலெம்’ படத்தை எடுத்த அதே கார்ல் பிராய்ண்ட். கதாநாயகனாகிய பேலா லுகோசி, அன்று ஹங்கேரி நாட்டைச் சேர்ந்திருந்த லுகோஸ் நகரில் பிறந்தவர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி அவர் உச்சரித்த விதமே, அன்று முதல் உலகெங்கும் காட்டேரியின் குரலாகிவிட்டது. பகலில் ஆங்கிலப் படத்துக்குப் பயன்பட்ட அதே அரங்குகளில், இரவு முழுவதும் வேறு நடிகர்களைக் கொண்டு ஸ்பானிய மொழி ‘டிராகுலா’ எடுக்கப்பட்டது. படத்தின் தலைப்புக்குப் பின்னர்ப் பின்னணி இசை ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். அந்த மௌனத்தில் கதவு கிறீச்சிடும் ஓசையும் ஓநாயின் ஊளையும் இரு மடங்கு பயங்கரமாகக் கேட்கின்றன.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் ‘காளிதாஸ்’ வெளிவந்து, தமிழர் திரையில் தம் மொழியை முதன்முதலாகக் கேட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்குப் பின், நவம்பர் மாதத்தில், அமெரிக்காவில் ‘பிராங்கன்ஸ்டைன்’ வெளிவந்தது. நம் திரை பேசக் கற்றுக்கொண்ட பருவத்தில், அங்கே ஒரு வார்த்தையும் பேசாத ஒருவர் உலகத்தை வசப்படுத்தினார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது.

அவர் போரிஸ் கார்லாப். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். லண்டனில் 1887இல் பிறந்தவர். தந்தையார் இந்தியாவில் ஆங்கில அரசாங்கத்தின் உப்பு இலாகாவில் உத்தியோகம் வகித்தவர். குடும்பத்தார் விரும்பிய உத்தியோகத்தை விட்டுக் கடல் கடந்து சென்ற அவர், நாடகக் குழுக்களோடு அலைந்தும், வேலை இல்லாத நாட்களில் லாரி ஓட்டியும் மூட்டை சுமந்தும், பல ஆண்டுகள் சிறுசிறு வேஷங்களிலேயே காலம் கழித்தார். முதலில் லுகோசிக்கென்று எண்ணப்பட்ட வேஷம் அவருக்குக் கிட்டியபோது, அவருக்கு வயது நாற்பத்து மூன்று. இயக்குநர் ஜேம்ஸ் வேல் என்ற ஆங்கிலேயரும் துன்பம் அறிந்தவரே. முதல் உலக யுத்தத்தில் போர்க்கைதியாகி, ஜெர்மானியச் சிறை முகாமில் சக கைதிகளைக் கொண்டு நாடகம் போட்டுத்தான் அவர் அரங்கக் கலையைப் பயின்றார். குண்டுபட்டு முகம் சிதைந்தவர்களையும், கைகால் இழந்தவர்களையும் வீதிதோறும் கண்டு பழகிய தலைமுறை அது. தையலிட்ட நெற்றியோடு தள்ளாடி வரும் அந்த உருவத்தில், யுத்தம் திருப்பி அனுப்பிய மனிதர்களின் சாயல் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும்.

ஆனால் அந்த முகத்தைச் செய்த கை ஜாக் பியர்ஸ் என்பவருடையது. கிரீஸ் தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவர், யூனிவர்ஸலின் ஒப்பனைத் தலைவர். பிணத்தை அறுத்து உயிர் கொடுப்பவன் சிற்பியல்லன், ஒரு வைத்தியன். அவன் மூளையை உள்ளே வைப்பதற்கு மண்டையை எப்படித் திறந்திருப்பான் என்று அவர் சிந்தித்தார். சட்டியின் மூடியைப் போல மேற்பகுதியை அறுத்துத் திறந்து, மூளையை வைத்து மூடி, இறுக்கியிருப்பான் என்ற முடிவுக்கு வந்தார். தட்டையான தலையும் நெற்றித் தழும்பும் இவ்வாறு பிறந்தன. கழுத்தின் இருபுறமும் நீண்டிருப்பவற்றைப் பலர் தலையைப் பூட்டிய ஆணிகள் என்று எண்ணுவர்; அவை மின்சாரம் உட்செல்வதற்கான முனைகள். பஞ்சையும் கொலோடியன் என்னும் பசைத் திரவத்தையும் அடுக்கடுக்காக ஒட்டி உலர்த்தி, அந்நெற்றியை அவர் தினந்தோறும் புதிதாகவே கட்டினார். ஏறக்குறைய நான்கு மணி நேரம் கார்லாப் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தோலுக்குப் பூசிய பசுஞ்சாம்பல் வண்ணம், கறுப்பு வெள்ளைப் படத்தில் பிணத்தின் வெளிறலாகத் தெரிந்தது. கண்கள் மிகுந்த அறிவொளியோடு இருக்கின்றன என்று கார்லாப்புக்குத் தோன்றவே, இமைகளின் மேல் மெழுகு வைத்து அவை பாதி மூடிக் கனக்கும்படி செய்தார்கள். தம் வாயிலிருந்த செயற்கைப் பல்வரிசையைக் கழற்றிவிட்டு, ஒரு கன்னத்தை அவரே குழிய வைத்தார். இத்தனை சுமைக்கும் அடியில், அசையக்கூடியனவாக அவருக்கு எஞ்சியவை வாயும் கையும்தான்; அந்தக் கைகளைக் கொண்டே அவர் தம் பாத்திரத்தைப் பேசவைத்தார்.

ஏரிக்கரைக் காட்சி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எல்லாராலும் அஞ்சி விரட்டப்பட்ட அவ்வுருவத்தைக் கண்டு அஞ்சாதவள் மரியா என்னும் சிறுமி ஒருத்தியே. அவள் அதன் கையைப் பற்றி அழைத்துச் சென்று, கரையில் மண்டியிட வைத்து, பூக்களைப் பகிர்ந்து கொடுக்கிறாள். பூவைத் தண்ணீரில் எறிந்தால் அது படகு போல மிதக்கிறது. உருவம் சிரிக்கிறது, படம் முழுவதிலும் அது மகிழும் தருணம் இதுவே. கையிலிருந்த பூக்கள் தீர்ந்ததும், மிதக்கும் அழகு தீர்ந்துவிடலாகாதே என்று, அச்சிறுமியையும் தூக்கி நீரில் எறிகிறது. அவள் மூழ்கியதும் தன் கைகளை வெறித்துப் பார்த்து, நடந்தது புரியாமல் கலங்கித் தடுமாறி ஓடுகிறது. தணிக்கையாளர் இக்காட்சியின் பிற்பகுதியைக் கத்தரித்தார்கள். அதன் விளைவு யாதெனில், உருவம் சிறுமியை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி அறுந்து, அடுத்து அவளுடைய தகப்பன் அவள் சடலத்தை ஏந்தி வீதியில் நடந்து வருவதையே பார்த்த மக்கள், இடையில் நிகழ்ந்ததைப் படத்தில் உள்ளதினும் கொடியதாகக் கற்பித்துக்கொண்டார்கள். குழந்தைத்தனமான பிழை ஒன்று, கத்தரியினால் கொலைபாதகமாயிற்று. 1980களில் அப்பகுதி மீண்டும் சேர்க்கப்படும் வரையில், ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த அநீதி நீடித்தது. நான் மண்டபத்தில் கண்டதும் வெட்டுண்ட பிரதியே; முழுக் காட்சியைப் பல ஆண்டுகள் கழித்துக் கண்ட அன்று, நெடுநாள் பழியைச் சுமந்த ஒருவன் நிரபராதி எனத் தீர்ப்பானது போன்ற ஆறுதல் எனக்கு உண்டாயிற்று.

இவ்வெற்றிக்குப் பின், 1932இல் கார்ல் பிராய்ண்ட் இயக்கத்தில் ‘மம்மி’யும், 1935இல் மீண்டும் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் ‘பிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ என்ற ஒப்பற்ற படமும் வந்தன. ஆனால் 1936இல் கடன் நெருக்கடியால் லெம்லே குடும்பத்தார் தம் நிறுவனத்தை இழந்தார்கள். பெரிய லெம்லே தம் கடைசி ஆண்டுகளில் செய்த ஒரு காரியம், அவர் தயாரித்த படங்கள் அனைத்தினும் பெரிது. ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மனியில் தவித்த யூதர்களுக்கு, அவர்கள் அமெரிக்காவில் பிழைப்பதற்குத் தாமே பொறுப்பு என்று பிணைப் பத்திரம் எழுதித் தந்து, லௌப்ஹைம் ஊராரையும் பிறரையும் சேர்த்து முந்நூறுக்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார். விரட்டப்படும் ஒருவனின் துன்பம் அப்படங்களில் அவ்வளவு உண்மையாக ஒலித்ததற்கு, அத்தொழிலில் இருந்தவர் பலர் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் என்பதும் ஒரு காரணமாகலாம். 1941இல் ‘ஓநாய் மனிதன்’ கதையை எழுதிய கர்ட் சியோட்மாக்கும் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதரே. நல்லவன் ஒருவன் தன் விருப்பமின்றியே விலங்காக மாறுவதைச் சொல்லும் ஒரு செய்யுளை அப்படத்துக்காக அவர் இயற்றினார். அதனைப் பழைய நாடோடிப் பாடல் என்றே பலர் நம்பிவந்தார்கள். சூரிய ஒளிக் கதையைப் போலவே இதுவும் திரையில் பிறந்து மரபாக மாறிய ஒன்று.

1957இல் இப்பழைய படங்களுள் 52 ஒரு தொகுப்பாக அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்கு விற்கப்பட்டன. இரவில் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து புதிய தலைமுறைச் சிறுவர்கள் அவற்றைக் கண்டார்கள். மறு ஆண்டில் பாரஸ்ட் ஆக்கர்மன் என்னும் ரஸிகரை ஆசிரியராகக் கொண்டு, இப்படங்களுக்கென்றே ஒரு பத்திரிகை தோன்றியது; அதன் பக்கங்களில் பியர்ஸின் ஒப்பனைகளைப் பார்த்துப் பார்த்துத் தம் வீட்டில் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் ரிக் பேக்கர். இங்கிலாந்தில் ஹாமர் நிறுவனம், 1957இலும் 1958இலும், பீட்டர் குஷிங், கிறிஸ்டோபர் லீ ஆகிய இருவரைக் கொண்டு அதே கதைகளுக்கு வண்ணம் தீட்டியது. ஸ்பெயினில் விக்டர் எரிசே 1973இல் எடுத்த ‘தேன்கூட்டின் ஆவி’ படத்தில், உள்நாட்டு யுத்தம் முடிந்த காலத்துக் கிராமம் ஒன்றுக்கு ‘பிராங்கன்ஸ்டைன்’ வருகிறது. அதைப் பார்க்கும் ஆனா என்ற சிறுமி, அந்தப் பெண்ணை அவன் ஏன் கொன்றான், பிறகு அவனை ஏன் கொன்றார்கள் என்று தன் அக்காளைக் கேட்கிறாள். அந்த இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு குழந்தை கேட்டதே இந்தக் கலையின் முழு விளக்கம் என்பேன்.

ஜாக் பியர்ஸ், தம் கையால் இவ்வளவு செல்வம் சேர்த்துக் கொடுத்த நிறுவனத்திலிருந்து 1940களின் பிற்பகுதியில் விலக்கப்பட்டு, 1968இல் அதிகம் பேசப்படாதவராகவே மறைந்தார். ஒப்பனைக் கலைக்கு ஆஸ்கார் விருதில் ஆண்டுதோறும் ஓர் இடம் என்பது 1981ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலாக ஏற்பட்டது. அதை வென்றவர் ரிக் பேக்கர். படமும் ஓர் ஓநாய் மனிதனைப் பற்றியதே. குருவுக்குக் கிட்டாத மரியாதை, அவரை நேரில் காணாமலே கற்ற சீடர் வழியாக அவருடைய வித்தைக்குக் கிட்டிற்று.

இக்காலத்துப் பேய்ப்படங்களில் இரத்தமும் இரைச்சலும் மிகுந்திருக்கின்றன, அவை நம்மைத் திடுக்கிடச் செய்கின்றன, மறுநாள் மறந்துவிடுகிறோம். தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்தும் பியர்ஸும் கார்லாப்பும் ஆக்கிய உருவம் நிலைத்திருப்பதற்குக் காரணம், அதைக் கண்டு முதலில் அஞ்சுகிற நாம், பின்னர் அதற்காக அஞ்சத் தொடங்குகிறோம் என்பதே. தமக்கு வந்த கடிதங்களில், குழந்தைகள் அந்த உருவத்துக்காக இரக்கப்பட்டு எழுதியவையே தமக்கு மகிழ்ச்சி தந்தன என்பதைக் கார்லாப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் அரண்டு கூவிய இடத்தில் குழந்தைகள் உண்மையைக் கண்டுகொண்டார்கள். ஆகையால் இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று: ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு, வெட்டுப்படாத பிரதியாகப் பார்த்து, வீட்டுக் குழந்தை சற்று வளர்ந்ததாயின் அதனையும் அருகில் இருத்திக்கொண்டு, அந்தப் பழைய படத்தைக் காணுங்கள். கூரைச் சாளரம் திறக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டாம், கைகளைப் பாருங்கள்.